கோட்டுப் பையில் கேசரி

அன்று ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை கிராமத்தில், பெண் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். எங்கள் தரப்பில் அப்பா, அம்மா, அக்காவின் வீட்டுக்காரரான மச்சான், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையாகிய நான். அவர்கள் தரப்பில் பெண்ணின் அப்பா, அம்மா, கன்னடப் பக்கம் மாலூரிலிருந்து வந்திருந்த தாய்மாமன், அப்புறம் பெண். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர்களை நான் எண்ணவில்லை. இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "நானும் அங்கதான் இருந்தேன், என் கண்ணால பார்த்தேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அத்தனை பேரும் இருந்திருந்தால் கூடம் இடிந்து விழுந்திருக்கும். (விழுந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.)

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் வயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓசூரில் ஒரு பாயின் ரொட்டிக்கடையில் வேலை. சூளையிலிருந்து பன் வெளியே வரும்போது அடிக்கும் வாசனை இருக்கிறதே, அதற்காகச் சம்பளமே இல்லாமல்கூட வேலை செய்திருப்பேன். (இது பாய்க்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.) காலையில் பன், மத்தியானம் ரொட்டி, சாயங்காலம் வர்க்கி. எதிர் டீக்கடைக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "டேய் பன்னு" என்றுதான் கூப்பிடுவார்.

இவ்வளவு தின்றும் உடம்பு கரைந்துகொண்டே போனது. எந்த நேரமும் கையில் சொம்பு. ஓசூரில் எந்தத் தெருவுக்குப் பின்னால் எந்தப் புதர் மறைவாக இருக்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவு பஞ்சாயத்து போர்டுக்குத் தெரியாது. சட்டையைக் கழற்றினால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கோ பிறவியிலேயே கவலைப்படுகிற புத்தி. ஒரு வாரம் காசநோய் என்று நினைத்தேன், அடுத்த வாரம் குடலில் கட்டி என்று நினைத்தேன், அமாவாசை வந்தால் செய்வினை என்று நினைத்தேன். உடம்பில் தெம்பில்லாத எனக்குக் கவலைப்பட மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தது.

கடைசியில் பாய்தான் தன் செலவில் என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வயதான டாக்டரம்மா. சீமையில் படித்தவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"என்ன வேலை பண்றே?"

"ரொட்டிக்கடைங்கம்மா."

"என்ன சாப்பிடறே?"

நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில பேருடைய குடலுக்குக் கோதுமை ஆகாதாம். சீமையிலேயே இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். பன், ரொட்டி, ரவை, மைதா, சேமியா, பூரி, ஒன்றையும் வாயில் வைக்கக் கூடாது என்றார்.

"எத்தனை நாளைக்குங்கம்மா?"

"உயிரோட இருக்கற வரைக்கும்."

அது எத்தனை நாள் என்று கேட்க வாயெடுத்தேன். பாய் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

அரிசி, கேழ்வரகு, சாமை எல்லாம் தின்னலாம். அதில் எனக்குக் கஷ்டமில்லை, களியில் வளர்ந்த உடம்புதான். ஆனால் பன்னை மறக்க முடியவில்லை. பாய் என்மேல் இரக்கப்பட்டு, "ஒரு தடவை செஞ்சு பார்த்துக்கோடா" என்று சூளையில் இடம் கொடுத்தார். கேழ்வரகு மாவில் பன் போட்டேன். உப்பவில்லை. கருங்கல் நிறத்தில் கருங்கல் கனத்தில் வெளியே வந்தது. தெரு நாய்க்குப் போட்டேன். அது முகர்ந்து பார்த்து, ஒரு தடவை நக்கிப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. பல நாள் கடைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அந்தப் பன்தான் முட்டுக் கொடுத்தது. அரிசி மாவில் பூரி சுட்டேன், எண்ணெயில் போட்டதும் பூரி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினோம்.

ஆனாலும் அந்த டாக்டரம்மா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் கன்னத்தில் சதை போட்டது. சொம்பு வீட்டு மூலைக்குத் திரும்பியது. கன்னத்தைப் பார்த்த அம்மா உடனே பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

அதற்கு முன்பே இரண்டு இடத்தில் "பையன் காத்தடிச்சா பறந்துடுவான்" என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அதனால் பேரிகைக்குக் கிளம்பும்போது அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"கோதுமை ஆகாதுன்ற பேச்சே அங்க எடுக்கக் கூடாது. சீக்குக்காரன்னு நெனைச்சுக்குவாங்கோ. தாலி கட்டுற வரைக்கும் வாயத் தொறக்காதே."

"தாலி கட்டினப்புறம்?"

"அப்புறம் அவ பாத்துக்குவா."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் இல்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். சம்மதம் என்றால் உட்கார்ந்து 'கை நனைக்க' வேண்டும், அதாவது சாப்பிட வேண்டும். முதலில் இனிப்பைத் தொட வேண்டும். உட்கார்ந்த பிறகு தின்னாமல் எழுந்தால், அந்தப் பெண்ணை ஊரறிய வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். அப்புறம் அந்த வீட்டுக்கு வேறு மாப்பிள்ளை வருவதே சிரமம்.

மச்சான் தன் கல்யாணக் கோட்டை எனக்குப் போட்டு விட்டிருந்தார். உள்ளேயும் வெளியேயுமாக நிறையப் பைகள் வைத்த கோட்டு. பெண் வந்தாள். பெயர் ரத்தினம்மா. தாம்பாளத்தை வைத்துவிட்டு நிமிரும்போது என்னை நேராக ஒரு தடவை பார்த்தாள். (நான் உடனே கோட்டுப் பித்தானைப் பார்த்தேன்.) அப்பா என் பக்கம் திரும்பி, "என்னாப்பா?" என்றார். தலை எனக்கு முன்னால் ஆடிவிட்டது.

"அப்ப கை நனைச்சிடலாம்" என்றார் தாய்மாமன்.

இலை போட்டார்கள். பொரி, வாழைப்பழம், மிஞ்சிப்போனால் புட்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது ரவா கேசரி. அதன் பின்னால் பூரி. அதன் பின்னால் மைதா போண்டா. இலையில் கோதுமை இல்லாமல் இருந்தவை உப்பும் தேங்காய்ச் சட்னியும்தான். சட்னியில் பூரி சாய்ந்திருந்ததால் அதுவும் போச்சு.

தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டார். "மாப்ளே, ஒசூர்ல எறங்கி விசாரிச்சேன். உங்க கடைக்கு எதிர்ல டீக்கடைக்காரன் சொன்னான், பையனுக்குப் பன்னு ரொட்டின்னா உசுருன்னு. நானே ரவை மைதா எல்லாம் அங்கேயே வாங்கித் தூக்கினு வந்தேன். ஊட்டா மாடி, நல்லா சாப்பிடுங்கோ, வெக்கப்படாதீங்கோ!"

அந்த அன்புக்கு நான் என்ன பதில் சொல்வது? தின்றால் பேரிகையில் எந்தப் புதர் எங்கே என்று எனக்குத் தெரியாது. தின்னாவிட்டால், நேராகப் பார்த்தாளே அந்தப் பெண், அவள் தலையில் அவமானம். கேசரியை எடுத்தேன், வாய் வரைக்கும் கொண்டுபோனேன், எல்லாரும் இலையைப் பார்த்துக் குனிந்த நேரத்தில் கோட்டுக்குள் விட்டேன்.

பக்கத்தில் இருந்த மச்சான் விக்கிக்கொண்டார். "டேய், கோட்டு என்னுதுடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"துவைச்சுக் குடுக்கறேன் மச்சான்."

"கம்பளிடா அது!"

என் இலை காலியானதைப் பார்த்த பெண்ணின் அம்மா பூரித்துப் போனாள். "அய்யோ, எவ்ளோ ஆசையா துன்றாரு பாரு!" என்று மறுபடி வைத்தாள். மறுபடி கோட்டு. மறுபடி வைத்தாள். இலையைக் காலி செய்கிறவனுக்குத்தான் இன்னும் வைப்பார்கள் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. கேசரி மேல் பையில், போண்டா கீழ்ப் பைகளில், பூரி மடித்து உள் பையில். நெய் சட்டைக்குள் இறங்கி இடுப்பு வரைக்கும் சுட்டது. அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். மானத்தைக் காப்பாற்ற மகன் விஷத்தைத் தின்கிறான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். பெண்ணின் அப்பாதான், "மாமன் கால்ல விழுந்து கும்பிட்டுக்கப்பா" என்றார்.

நான் குனிந்தேன்.

முதலில் மேல் பையிலிருந்த கேசரி மொத்தமாகச் சரிந்து தாய்மாமனுடைய புதுச் சரிகை வேட்டியில் விழுந்து மெதுவாக வழிந்து இறங்கியது. அதைப் பிடிக்கப் போனேன், போண்டாக்கள் உருண்டு வாசல் வரைக்கும் ஓடின. கடைசியாக மடித்த பூரி ஒன்று அவர் பாதத்தின் மேல் பணிவாக விழுந்தது. ஜன்னலில் யாரோ "ஹோ" என்றார்கள்.

"ஏனப்பா இது, இன்னா இது!" என்று தாய்மாமன் குதித்தார். "கேசரிய பையில போட்டுக்கினு, தின்ன மாதிரி நடிச்சிக்கினு... பொண்ணு வேணான்னா வாயால சொல்றதுதானே? எங்களை இன்னான்னு நெனைச்சீங்கோ?"

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் அப்பா எழுந்து நின்றார். மச்சான் பார்வையை மோட்டுவளையில் வைத்துக்கொண்டார். நான் இன்னும் குனிந்தேதான் இருந்தேன். நிமிர்ந்தால் மீதியும் விழும்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்று ஒரு குரல். ரத்தினம்மா உள்ளேயிருந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"கேசரி வேணாமா, நான் வேணாமா? ஏதோ ஒண்ணு சொல்லுங்கோ."

"கேசரிதாங்க வேணாம்" என்றேன்.

சத்தியம் போயிற்று. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டரம்மா, குடல், பன், எல்லாம். (சொம்பைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதைத் தவிர்த்திருக்கலாம்.) அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா சீக்குடா இது?" என்றார் தாய்மாமன். "ஊரே துன்றத இவன் துன்னக் கூடாதாம்!"

"எம் பொண்ணு இவருக்கு என்னாத்த ஆக்கிப் போடுவா?" என்று பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தாள்.

ரத்தினம்மா அவள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நம்ம வூட்ல தினம் என்னா துன்றோம்? களி. இந்த ரவையும் மைதாவும் மாமா தூக்கியாந்ததால இன்னிக்கு வெந்துது. வருசம் பூரா வேகாததை அவரு துன்னலைன்னா நமக்கு என்னா நஷ்டம்?"

சொன்ன கையோடு அவள் உள்ளே போய், வீட்டு ஆட்களுக்காக மூடி வைத்திருந்த களியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கொள்ளுச் சாறும் இருந்தது.

"அடியே, மாப்ள வூட்டுக்காரங்களுக்குக் களியா? மானம் போவுதுடி!" என்று அம்மாக்காரி பதறினாள்.

"முதல்ல இனிப்புத் தொடணுமில்லே" என்று சொல்லி ரத்தினம்மா களியின் மேல் ஒரு துண்டு வெல்லத்தை வைத்தாள்.

நான் உட்கார்ந்தேன். வெல்லத்தைத் தின்றேன். களியைச் சாற்றில் புரட்டி விழுங்கினேன். நெய் வழிகிற கோட்டோடு, எல்லாரும் பார்க்க, ஒரு உருண்டை முழுக்கத் தின்று முடித்து இன்னொன்று கேட்டேன். பெண்ணின் அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் எங்கள் அப்பா. "களி கேட்டு வாங்கித் துன்ற மாப்பிள்ளை, செலவு கம்மி" என்றார் மச்சான். அவரிடம் கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அந்தத் தை மாதமே கல்யாணம். அன்றிலிருந்து இன்றுவரை என் வயிற்றுக்கு அவள்தான் காவல். சாமையை வறுத்து உடைத்து அவள் கிளறும் கேசரியை ரவை இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். உப்புமாவுக்கு அரிசி நொய், பாயசத்துக்கு இடியாப்பத்தைக் காயவைத்து ஒடித்தது. ஒரு சமயம் காரணமே தெரியாமல் எனக்கு வயிறு கெட்டது. நான் மறுபடி குடலில் கட்டி என்று படுத்துவிட்டேன். அவள் அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து யோசித்து, மளிகைக் கடைக்கே போய்க் கேட்டு, கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். சீமை டாக்டரம்மாவே சொல்லாத விஷயம். பன்னுக்கு மட்டும் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் ரொட்டிக்கடைப் பக்கம் போகும்போது என் மூக்கைப் பார்த்துவிட்டு நடையை மெதுவாக்குவாள், நான் வாசனை பிடித்து முடிக்கும் வரை.

இப்போதும் எந்த விசேஷத்தில் நான் பந்தியை விட்டு எழுந்தாலும், "தாத்தா பையைத் தட்டிப் பாருங்கடா" என்று பேரப்பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள். வீட்டில் யாருக்கு எது வேண்டாம் என்றாலும், "கேசரிதாங்க வேணாம்" என்றுதான் சொல்வார்கள்.

தாய்மாமன் அன்று எல்லாம் சமாதானமான பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "பொண்ணு குடுத்தாச்சு, சரி. என் வேட்டிக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டார். கறை போகவே இல்லை. அது காதில் விழுந்த எங்கள் அப்பா இடுப்பிலிருந்து பணத்தை எடுத்தார். "நீங்க குடுக்கக் கூடாது, இவன் சம்பாரிச்சுக் குடுக்கட்டும்" என்று மாமன் தடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு பண்டிகைக்கும் மாலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சாமைக் கேசரியை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு, "எங்கே என் பணம்?" என்பார். "அடுத்த பண்டிகைக்கு மாமா" என்பேன். கொடுத்துவிட்டால் எங்கே வராமல் போய்விடுவாரோ என்று எனக்குக் கவலை. அவர் காலமான பிறகு அவருடைய மகன் வந்து கேட்கிறான். அணாவே செல்லாத காலத்தில் எப்படிக் கொடுப்பது என்று நானும் கேட்டு அனுப்புகிறேன். இன்றைய தேதிக்கு வேட்டிப் பாக்கி எட்டு ரூபாய் பன்னிரண்டு அணா.