பெருக்கக் கூடாத வீடும் டொராண்டோ தூரமும்

கல்லிடைக்குறிச்சி
14.8.1994

சிரஞ்சீவி கோமதிநாயகத்துக்கு அப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீ டொராண்டோ போய்ச் சேர்ந்தாயா இல்லையா என்பதுதான் இப்போது வீட்டில் பெரிய வழக்கு.

ஊருக்குப் போனவர் போய்ச் சேருகிறவரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பதில் உன் அம்மா சொர்ணாம்பாள் எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். நீ மதராஸில் படித்தபோது தொல்லையில்லை, காலையில் நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் நின்றதும் இங்கே விளக்குமாறு கிளம்பிவிடும். விமானத்துக்கு என்ன கணக்கு? பக்கத்து வீட்டு தானியேல் சாரிடம் அட்லஸை வாங்கி, மதராஸுக்கும் டொராண்டோவுக்கும் நடுவே நூலைப் பிடித்தேன். பூகோள வாத்தியாராக இருந்தவர் அல்லவா, தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் வே, உலகம் உருண்டைல்லா? தாள்ல பிடிச்சா எப்படி வே சரியா வரும்?" என்று தம் வீட்டுப் பூசணிக்காயைத் தூக்கிவந்து, அதில் கரியால் கண்டங்களை வரைந்து, நூலைச் சுற்றி அளந்து, தூரத்தை விமான வேகத்தால் வகுத்து, பதினைந்து மணி நேரம் என்றார். நானும் ஒரு மண்டையன், நீ லண்டனில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடப்பாய் என்பதை மறந்து, பதினைந்து மணி ஆனதும், அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போன சமயம் பார்த்து வீடு முழுக்கப் பெருக்கித் தள்ளிவிட்டேன்.

அன்று சாயங்காலமே பின்வாசலிலிருந்து உன் அறைவரை ஈரக் கால்தடம். உள்ளே போன தடம் மட்டும்தான்; வெளியே வந்தது இல்லை. எட்டிப் பார்த்தால் அறையில் ஆளும் இல்லை. அதுமுதல் வைத்த காபி தம்ளர் காலியாகிறது, மின்விசிறி தானாகச் சுற்றுகிறது, பெட்டியில் மடித்து வைத்திருந்த, நீ இடுப்பில் கட்டுகிற சாரம் கொடியில் நனைந்து தொங்குகிறது. "பிள்ளை பாதி வழில இருக்கும்போது பெருக்கிட்டீயளே! அவன் எங்க போவான்? திரும்பி வந்துட்டான்" என்று முதல் நாள் அழுதவள், இப்போது உனக்குப் பிடித்த சொதி வைத்து அறை வாசலில் கொண்டுபோய் வைக்கிறாள். தட்டு வழித்துத் துடைத்தாற்போல் திரும்புகிறது. பேய் பிசாசெல்லாம் புளுகு என்கிற தானியேல் சார் வந்து தடத்தைக் குனிந்து பார்த்தார். பூசணிக்காயைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. டெலிபோன் கடையில் லைன் செத்துக் கிடக்கிறது. இதைக் கண்டதும் பதில் போடு. சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், நான் இந்த வீட்டில் கண்ணை மூடித் தூங்குவேன்.

வேளைக்குச் சாப்பிடு. காந்திமதியம்மை கிருபையால் நீண்ட ஆயுசும் நிறைந்த சுகமுமாக இரு.

இப்படிக்கு,
அப்பா நெல்லைநாயகம்

பி.கு.: மேலே கேட்டபடி செய்துவிடாதே. சற்றுமுன் அறைக்குள்ளிருந்து "அம்மா" என்று ஒரு குரல். உன் குரல் இல்லை. எனக்கே தெரிகிறது, பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனாலும் "இந்தா வாரேன் ராசா" என்று எழுந்து போய்விட்டாள். நீ சேர்ந்த செய்தியை தானியேல் சார் முகவரிக்கு எழுது. இங்கே வந்தால் உன் அம்மா கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாள். அவன் கேட்டுவிடுவான்.