மேடம், லீவு வேணும்

முதல் நாள் ஓர் இடத்துக்குப் போகிறவர்கள் செய்யும் முட்டாள்தனங்களிலேயே பெரியது, தேவைக்கு மேல் நன்றாக உடுத்திக்கொண்டு போவது. சந்தேகமிருந்தால் என்னைக் கேளுங்கள். கஞ்சி போட்ட ஒரு காட்டன் புடவையால் என் மானம் போன கதை இது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆட்களைக் குறைத்தார்கள். அதில் நானும் குறைந்தேன். என் கணவர் அந்தோணி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அதே சமயம் பார்த்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் யாராவது ஒருவர் புதிதாக ஒரு தொழில் கற்றே ஆக வேண்டும். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தது நான் மட்டும்தான். (அவர் பத்தாவது பரீட்சைக்குப் போனார், பரீட்சை எழுதினாரா என்பது இன்றுவரை தெரியாது.)

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு படிப்பது என்று முடிவு செய்தேன். விண்ணப்பிக்க விழுப்புரம் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு வரலியாம்மா?"

"எந்தப் பொண்ணு சார்?"

"சேர வேண்டிய பொண்ணு."

"அது நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நான் அப்போதும் முப்பத்தாறாகவே இருந்தேன். "பொம்பளைங்களுக்கு வயசு வரம்பு இல்லம்மா, தாராளமா சேரலாம். தையல் போட்டுடவா?" என்றார்.

"கரண்டு சார்."

நல்ல மனிதர். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. சீட்டும் திண்டிவனத்திலேயே கிடைத்தது.

வகுப்பு தொடங்கும் நாளன்று, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பச்சைப் புடவையை அந்தோணி இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நாத்தனாரின் கைப்பை, படிக்கிற கண்ணாடி, இறுக்கிப் போட்ட கொண்டை. கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னிடம் பயமாக இருந்தது.

வகுப்புக்குள் காலை வைத்தேன். இருந்த பையன்கள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்தார்கள்.

"குட் மார்னிங் மேடம்!"

ஒருவர் குட் மார்னிங் சொன்னால் என்ன சொல்வோம்? நானும் குட் மார்னிங் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தார்கள். பாவமாக இருந்தது. "உக்காருங்கப்பா" என்றேன். உட்கார்ந்தார்கள். எனக்கும் உட்கார வேண்டும். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. காலியாக இருந்தது மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலி ஒன்றுதான்.

உட்கார்ந்தேன்.

எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்த நேரத்தில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், ஒரு பையனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். வல்லம் பக்கத்து விவசாயி. நிலக்கடலை நிறைந்த ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார்.

"நம்ம கொல்லியில வெளைஞ்ச மல்லாட்டைங்க மேடம். இவன் எம்புள்ள சுரேந்தர். தாயில்லாத புள்ள. சொன்ன பேச்சு கேக்கமாட்டான், ஆனா நல்லவன். நீங்கதான் பாத்துக்கணும்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்து "நானும் உங்க புள்ள மாதிரி படிக்க வந்தவதாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான் பாத்துக்கறேங்க, நீங்க கவலப்படாம போங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்பா தலை மறைந்ததும் சுரேந்தர் மேஜையருகில் வந்தான். "மேடம், மதியானம் லீவு வேணும். ஊர்ல மேட்ச்."

"நீ பேட்டிங்கா, பௌலிங்கா?"

"கீப்பர் மேடம்."

"கீப்பர் இல்லாம எப்படி ஆடுவாங்க? போய்ட்டு வா." (அதிகாரம் தலைக்கேற எவ்வளவு நேரம் பிடிக்கிறது பாருங்கள்!)

அப்போதுதான் உண்மையான ஆசிரியர் வந்தார். வாசலில் நின்றார். தன் நாற்காலியில் விறைப்பாக ஒரு பெண்மணி. அவசரமாகக் கழுத்துப் பட்டனைப் போட்டார்.

"குட் மார்னிங் மேடம். இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணும் தகவல் வரலீங்க. விழுப்புரம் பஸ்ஸு பேஜாரு பண்ணிடுச்சு, அதான் லேட்டு…"

நான் எழுந்தேன்.

"உக்காருங்க மேடம், உக்காருங்க."

உட்கார்ந்தேன். திரும்பவும் எழுந்தேன். "சார், நான் ஸ்டெல்லா."

"சொல்லுங்க மேடம்."

"எலக்ட்ரீஷியன், முதல் வருஷம்."

"ஆமாங்க மேடம், இது முதல் வருஷம் கிளாஸ்தான்."

"நானும் முதல் வருஷந்தான் சார். படிக்க வந்திருக்கேன்."

ஆசிரியர் போட்ட பட்டனை மெதுவாகக் கழற்றினார். பிறகு கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். அது முன் பெஞ்சு வரை வந்து சேர்ந்தபோது கூரை அதிர்ந்தது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்து, பஸ் நிறுத்தத்தில் வந்துதான் நின்றேன்.

அந்தோணிக்குப் போன் போட்டேன். "இந்தப் படிப்பே வேணாங்க" என்று அழுதபடி நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் விசித்திரமான சத்தம்.

"சிரிக்கிறீங்களா?"

"இல்ல ஸ்டெல்லா. இருமல்."

போனை வைத்தேன். சுரேந்தர் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தான். கையில் மல்லாட்டைப் பை.

"மேடம்… இல்ல, அக்கா… இத வுட்டுட்டு வந்துட்டீங்க."

"எனக்கு வேணாம்ப்பா. அது வாத்தியாருக்குக் கொண்டாந்தது."

அவன் போகவில்லை. தலையைச் சொறிந்தான். "அது கெடக்கட்டும். நீங்க குடுத்த லீவு செல்லுமா, செல்லாதா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். "செல்லாது. ஒழுங்கா கிளாஸுக்கு நட."

"அப்ப நீங்களும் ஜல்தி வாங்க. தனியா போனா சார் என்னத்தான் திட்டுவாரு."

திரும்பிப் போனேன். முன் வரிசை ஓரத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார் ஆசிரியர். "வாங்க ஸ்டெல்லா" என்றார். "நாட்டுலயே முதல் தடவையா இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசரே படிக்க வந்திருக்காங்க. எல்லாரும் ஒழுங்கா இருங்க." மறுபடி சிரிப்பு. இந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்த வகுப்பு என்னைப் பார்த்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது. மறந்துபோன கணக்கைப் பையன்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நான் மீட்டரைத் தப்பாக மாட்டிப் புகை வரவழைத்தபோது, ஆசிரியர் மெயினை அணைத்துவிட்டு, "மேடம் இன்னிக்கு ஃபயர் சர்வீஸையும் டெஸ்ட் பண்றாங்க" என்றாரே தவிர, ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இரண்டாவது வருஷம் சுரேந்தர் படிப்பை விட்டுவிட்டு செல்போன் கடைக்குப் போகிறேன் என்று நின்றான். போன் போட்டு நான் கிழித்த கிழியில் மறுநாளே வந்துவிட்டான். இப்போது விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லைனும் ஜெனரேட்டரும் என் பொறுப்பு. அந்தோணியும் இடுப்பு சரியாகி மறுபடி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சுரேந்தரும் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான்.

அவன் அப்பா மட்டும் வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் "டீச்சரம்மாவுக்கு" என்று ஒரு பை மல்லாட்டையோடு வீட்டுக்கு வருவார். அவர் வந்ததும் அந்தோணிக்கு இருமல் வந்துவிடும், சமையலறைக்குள் ஓடிவிடுவார்.

போன முறை மனசு கேட்காமல் ஆரம்பித்தேன். "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் டீச்சர் இல்லீங்க. உங்க புள்ளகூட படிச்சவ."

"தெரியுமே" என்றார். "அன்னிக்குச் சாயந்தரமே சொல்லிட்டான்."

"அப்புறம் எதுக்குங்க இத்தன வருஷமா…"

"பாத்துக்கறேன்னு சொன்னீங்க. பாத்துக்கினீங்க. அப்புறம் இன்னா?"

சமையலறையில் இருமல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அவித்த மல்லாட்டையைத் தட்டில் போட்டு அந்தோணி எடுத்து வந்தார். சுரேந்தர் அப்பாவுக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை அள்ளி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"மேடம், லீவு வேணும். லோடு இருக்குது."