அறுபத்து நாலாவது நிறுத்தம்

கடல் சரியாக வீட்டுக்காரரின் வாசற்படியில் போய் முடிந்திருந்தது.

"யாரய்யா என் வாசல்ல நீல சாக்பீஸால அலை வரைஞ்சது?" என்று அவர் கீழிருந்து கத்தினார்.

"நான்தான் சார். லீவு பயணம். பொண்ணுக்குக் கணக்கு," என்றார் மாடிப்படியில் குந்தியிருந்த பஸ் ஓட்டுநர்.

இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். இடுப்பு இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லி, வீட்டில் படுத்திருந்தார். பணிமனையில் நேரக்காப்பாளர் வேலை காலி. ஆனால் எழுத்துத் தேர்வு உண்டு. மனைவி விண்ணப்பத்தை நீட்டியபோது, "எட்டாவதோட படிப்பை ஏறக்கட்டினவன் நான். இந்த வயசுல பரீட்சை எழுதி மானம் போகணுமா?" என்று அதை அலமாரி மேல் வீசிவிட்டார். மருந்துக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வந்திருந்த அவள் அதை எடுத்துத் தூசி தட்டி மடித்து வைத்தாள்.

நாலாம் நாள்தான் பேசினாள். "குட்டி கணக்கு, அறிவியல் ரெண்டுலயும் கோட்டை விட்டுட்டா. பள்ளிக்கூடம் திறந்ததும் மறுதேர்வு. தேறலேன்னா அதே வகுப்புதான். நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். இந்தாங்க, மறுதேர்வுப் படிவம், கையெழுத்துப் போடுங்க."

மகள் ஒரு வருஷம் பின்தங்குவதா? பதறிப்போய், படிக்காமலே போட்டார்.

புத்தகத்தைக் கண்டாலே குட்டிக்குக் கொட்டாவி வந்தது. அதனால் வீட்டுக்குள்ளேயே விடுமுறைப் பயணம் என்று முடிவாயிற்று. மலையிலிருந்து கடலுக்கு, அவர் ஓட்டிய அதே தடம். அறுபத்து நாலு நிறுத்தம். நிறுத்தத்துக்கு ஓர் அடி என்று கோடு போட்டார். கூடம் பதினாறு அடிதான். மீதிப் பயணம் படியிறங்கிப் போனது.

"கடல் வீட்டுக்குள்ளயே வரணும்னா என்னம்மா செய்யணும்?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்ப்பா ஃபெயிலாகறேன்?"

அவர் புத்தகத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அரைமணி கழித்து உள்ளிருந்து ஒரு சத்தம்: "கால் அடி! நிறுத்தத்துக்குக் கால் அடி!"

அடுத்து அறிவியல். கடல் இல்லாமல் என்ன பயணம்? சமையலறைக் குழாயடியில் தொட்டியை வைத்து, உப்பைக் கொட்டி, முட்டையை மிதக்கவிட்டார்.

"ஏன்ப்பா மிதக்குது?"

மறுபடி குளியலறை. மறுபடி தாழ்ப்பாள். குழாயை மூட மறந்துபோனார். கடல் நாற்பதாவது நிறுத்தம் வரை அழித்துக்கொண்டு படியில் இறங்கியது.

"முதல்ல அலையை வரைஞ்சே. இப்ப நிஜமாவே அனுப்பிட்டியா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

குட்டி கதவைத் தட்டினாள். "அப்பா, குழாய்ல ஒரு வாளி ரொம்ப எட்டு நிமிஷம். நீங்க முப்பத்திரண்டு நிமிஷமா உள்ள இருக்கீங்க."

"நாலு வாளி!" என்றபடி துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

லீவு முடிவதற்குள் பின்னம், விகிதம், வேகம் எல்லாம் விரல்நுனிக்கு வந்துவிட்டன. அவருக்குத்தான். குட்டியோ எதைக் கேட்டாலும், "நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்கப்பா," என்பாள். வீங்கிய காலை வெந்நீரில் வைத்தபடி மனைவி தினமும் நோட்டைப் பார்ப்பாள்.

"இது யார் போட்டது?"

"நான்தான். மாதிரிக்கு."

"ம்," என்று ஒரு டிக் போடுவாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், அவர் மனம் கேட்காமல் வகுப்பு ஆசிரியை வீட்டுக்கே போய் நின்றார்.

"டீச்சர், தப்பு என்மேல. எனக்குப் புரியுது, அவளுக்கு ஏறல. தயவுபண்ணி அவளை அதே வகுப்புல போட்டுடாதீங்க."

ஆசிரியை விழித்தார். "உங்க பொண்ணையா? அவதானே சார் கணக்குல முதல் மார்க்! அது இருக்கட்டும், நேரக்காப்பாளர் பரீட்சை எழுதற ஒருத்தருக்குன்னு உங்க வீட்டம்மா புத்தகமெல்லாம் வாங்கிட்டுப் போனாங்களே, அந்த மாணவர் தேறிடுவாரா?"