மாஸ்ட் செல்லும் மிளகாய்த் தோட்டமும்

இந்த வருஷம் மிளகாய்ப் பழம் பறிக்கத் தோட்டத்தில் கால் வைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். என் உடம்பே சாட்சிக்கு வந்தது. தடிப்பு தடிப்பாக எழும்பி, அரிப்பு உயிரை வாங்கியது.

ராமநாதபுரத்து டாக்டர் விளக்கினார். உடம்பில் மாஸ்ட் செல் என்று காவல்காரர்கள் உண்டாம். என்னுடையவர்கள் சொந்தக்காரன் வந்தாலும் திருடன் என்று கூச்சல் போடுகிற ரகமாம். குடலில் குடியிருக்கும் கிருமிகளில் சில அதற்குத் தூபம் போடலாமாம்.

"இதுல இன்னும் முழுசா எல்லாம் தெரியலை, செல்லச்சாமி. ஒரு மாசம் கருவாடு வேண்டாம். கடும் வெயிலும் வேண்டாம்" என்றார்.

திருவாடானை பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எனக்கு வேண்டியது மட்டும் நினைவில் நின்றது.

"மிளகா வாடையே ஆகாதாம்" என்றேன் மனைவி முருகலட்சுமியிடம்.

"கருவாடு திங்கலாமாமா?"

"அது வயித்துக் கிருமிக்குச் சாப்பாடு. அதுகளப் பட்டினி போடக்கூடாதாம்."

"அய்யோ பாவம், வாயில்லா ஜீவன்" என்று சாளைக் கருவாட்டை வறுத்து வைத்தாள்.

அவள் தோட்டத்துக்குப் போனாள். நான் கட்டிலுக்குப் போனேன். தடிப்பு நிற்கவில்லை. "ஒஞ் சேலையில மிளகா வாடை" என்று பழியை அவள் மேல் போட்டேன். மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. ஃபேனைக் கூட்டி வைத்தேன், சரியாகிவிட்டது.

ஒருநாள் கருவாடு தீர்ந்துவிட்டது என்றாள். அதன்பின் பத்து நாள் தடிப்பே இல்லை.

"பாத்தியா? தோட்டத்துப் பக்கம் போகாத பலன்!"

"வாடை கொஞ்சங்கூட வரலையா?"

"வந்திருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியிலல்ல கெடப்பேன்!"

அவள் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். வாய் வரைக்கும் குண்டு மிளகாய் வத்தல்.

"பத்து நாளா இதுக்கு மேலதான் கொறட்டை விட்டீக."

நான் அவசரமாகத் தும்மினேன்.

"லேட்டுங்க" என்றவள், டாக்டருக்கே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கருவாட்டைத்தாம்மா நிறுத்தச் சொன்னேன்! மிளகாயைப் பத்திப் பேசவே இல்லையே. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தாராளமா வேலை செய்யலாம்" என்றார் டாக்டர்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் கடைசியாக ஒரு வழி தேடினேன்.

"இங்கன வெயில் எத்தனை மணிக்கு ஏறும்னு யாருக்குப் புள்ள தெரியும்?"

"அஞ்சு மணிக்கே தோட்டத்துல போயி நில்லுங்க. ஏறும்போது ஒங்களுக்கே தெரியும்."