நீல டின்னும் என் உருண்டை ரத்தமும்

இனி இந்த வீட்டில் தலை நிமிர்ந்து வாழ்வது என்று அன்று காலை முடிவு செய்துவிட்டேன். கையில் ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி: நாலு புள்ளி ஆறு. பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு நல்ல எண் வராது.

என் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி. என் மனைவிக்குக் கேக் வியாபாரம். அதுவும் வீட்டிலேயே. வெண்ணெயும் வெனிலாவும் மணக்கிற வீட்டில் நான் மட்டும் காய்ந்த ரொட்டி தின்ன வேண்டும். தொழிலில் நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிவிடுகிறவன், வீட்டில் மட்டும் நிரந்தரமாகத் தரைத்தளம்.

கேக் வெந்ததும் மேலே மேடாக உப்பி நிற்கும். அதைச் சீவித் தட்டையாக்கிவிட்டுத்தான் கிரீம் பூசுவாள். சீவிய துண்டுகளெல்லாம் ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் நீல டின்னுக்குள் போகும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காம். எனக்கு அந்த டின் தடை. ஆனால் அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் நானும் குழந்தையாகிவிடுவேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு பந்தயம் கட்டினேன்.

"டெஸ்ட்ல நல்லா வந்தா அந்த டின் எனக்கு."

"வரலைன்னா?"

"ஆயுசுக்கும் பாகற்காய் ஜூஸ்."

"சரி. ஆனா தினமும் விரல்ல குத்திப் பாக்கணும்."

"குத்துனா ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியலம்மா. மூணு மாச டெஸ்ட் போதும். அதுல எல்லாம் தெரிஞ்சுடும்."

என் குரலில் நேர்மை வழிந்தது. காரணம் உண்டு. கம்பெனியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு ரகசியம் சொல்லியிருந்தார்.

"சார், சிவப்பணு தட்டையா இருக்கணும். உங்களுக்கு உருண்டையா இருக்கு. பரம்பரையா வர்றது. சீக்கிரமே உடைஞ்சுடும். மூணு மாச டெஸ்ட், சிவப்பணுல ஒட்டியிருக்கிற சர்க்கரையைத்தான் அளக்கும். உங்களுக்குச் சர்க்கரை சரியா ஒட்டுறதுக்குள்ளயே அணு செத்துடும். அதனால நிஜத்தைவிடக் கம்மியாக் காட்டும். சர்க்கரை டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லிடுங்க."

நான் மறக்கவில்லை. சொல்லத்தான் இல்லை. சாட்சி வாயைத் திறக்கும் முன்பே செத்துப்போனால் வழக்கு எப்படி நிற்கும்? அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே பரம்பரைச் சொத்து இந்த ரத்தம். அதை அனுபவிக்காமல் விடலாமா?

ஆக, அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"ஏங்க, முதுகு பிடிச்சுக்கிச்சா? ஒரு மாதிரி நடக்கிறீங்க?"

"நாலு புள்ளி ஆறு! எடு டின்னை."

கிரீம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முடிவைப் படித்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தால் சிரித்தாள்.

"ரொம்ப சந்தோஷங்க. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை காட்டிட்டு வந்து தர்றேன்."

சர்க்கரை டாக்டரம்மா என் வெற்றியைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். "சார், ரத்தம் எடுத்தப்பவே இன்னொரு டெஸ்ட்டும் குடுத்திருக்கோம். உங்க வீட்ல கேட்டுக்கிட்டாங்க. இது சிவப்பணு பக்கமே போகாது. ரத்தத்துல இருக்கிற புரதத்துல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பாக்கும். உங்க அணு உருண்டையா இருந்தா என்ன, சதுரமா இருந்தா என்ன!"

உருண்டை! அது இவருக்கு எப்படித் தெரியும்? மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்க தங்கச்சிதான் சொன்னா. மாசமா இருக்கையில அவ ரத்தத்துல கண்டுபிடிச்சாங்களாம். 'அண்ணனுக்கும் இருக்கலாம் அண்ணி, இருந்தா மூணு மாச டெஸ்ட் கம்மியாக் காட்டுமாம், பாக்கச் சொல்லுங்க'ன்னா. மறுநாளே நீங்க வந்து, ஊசி வேணாம், மூணு மாச டெஸ்ட் போதும்னீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் முடிவைத் தேடினார். அது சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கப்பாவுக்குக் கால் விரலை எடுத்தாங்களே, ஞாபகம் இருக்காங்க?" என்றாள் மனைவி, மெல்லிய குரலில். கைக்குட்டை கண்ணுக்குப் போனது. எனக்கு நெஞ்சே கரைந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டேன்.

"டாக்டர், நான் திருடன்! தினம் அந்த டின்லேர்ந்து தின்னேன். இவ குளிக்கிறப்போ தின்னேன். போன் பேசுறப்போ தின்னேன். ஒருநாள் கரன்ட் போச்சு, அப்பக்கூடத் தடவித் தடவித் தின்னேன்!"

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியா? ஆனா இதுலயும் நல்லாத்தானே வந்திருக்கு. சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு."

"அது எப்படி? நல்லாப் பாருங்க டாக்டர்!" விடுதலை என்று தீர்ப்பு வந்த பிறகு நீதிபதியோடு மல்லுக்கு நின்ற ஒரே திருடன் நானாகத்தான் இருப்பேன்.

மனைவி கைக்குட்டையை மடித்தாள். அதில் ஈரமே இல்லை.

"டின்னு குறையறது எனக்குத் தெரியாதாங்க? தங்கச்சி போன் பண்ண அன்னிக்கே மாத்திட்டேன். சர்க்கரையும் கிடையாது, மைதாவும் கிடையாது. தவிடும் முட்டையும்தான். அதை நிஜமாச் சீவின துண்டு மாதிரி கோணல்மாணலா வெட்டத்தான் கை வலிச்சுது."

"குழந்தைங்களுக்கு?"

"அவங்களுக்கு வேற டின்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா தின்னிருப்பீங்களா?"

இனி மூணு மாச டெஸ்ட் எனக்குச் செல்லாது, தினமும் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மனைவி அதை வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பந்தயப்படி நீல டின்னை இரண்டு கையாலும் எடுத்து என் மடியில் வைத்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல், ஒரு துண்டை வாயில் போட்டேன்.

மூன்று மாதமாகத் தேனாக இனித்தது, அன்றைக்குத்தான் வெறும் தவிடாக இருந்தது.