உப்புக்கோட்டைக்கு வாரிசு தேடப் போய் ரூஃப் சாவியைத் துலைச்ச கதை

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. மூண்டாம் மாடிக்குப் போய் ரூஃப் சாவி வாங்கிக்கொண்டு வாறது.

அவ்வளவுதான். நாங்கள் இருக்கிறது அஞ்சாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யுது. எனக்குக் கை கால் ஒழுங்காத்தான் இருக்கு. இதைக்கூட ஒராள் கெடுக்க ஏலுமோ எண்டு நீங்கள் கேப்பீங்கள்.

ஏலும்!

விஷயம் என்னெண்டா, அடுத்த நாள் காலமை எங்கட அண்ணாவுக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்க ஆசாரியார் கரிச்சட்டியும் நெருப்புமா வருவார். எங்கட வெள்ளவத்தை ஃபிளாட்டில கத்தரிக்காய் பொரிச்சாலே புகை அலாரம் கத்தத் தொடங்கிடும். அதால ரூஃப்பிலதான் செய்யோணும். ரூஃப் சாவி இருக்கிறது பில்டிங் சங்கத் தலைவர் சிவஞானம் அங்கிள் வீட்டில.

அவரிட்டச் சம்மதம் வாங்க அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எத்தினை கிண்ணம் மோதகம், எத்தினை கிண்ணம் றால் வடை! பொம்பிளை வீட்டுக்காரர் எல்லாரும் காலமையே வருகினம். சாவி இல்லையெண்டா பொன்னும் உருகாது, அம்மான்ர மானமும் மிஞ்சாது.

"போனியா, வாங்கினியா, வந்தியா எண்டு இருக்கோணும். அங்க நிண்டு ஆரோடயும் அலட்டாதை" எண்டு அம்மா வாசல் வரைக்கும் வந்து சொல்லித்தான் அனுப்பினவ.

நான் பில்டிங் வாட்சப் குரூப்பில, "அங்கிள் நிக்கிறீங்களா? சாவிக்கு வாறன்" எண்டு ஒரு மெசேஜ் போட்டன். பாருங்கோ, எவ்வளவு பொறுப்பான பிள்ளை!

போய் பெல் அடிச்சா உள்ள பூசை மணி கேக்குது. அங்கிள் தேவாரம் முடிக்காமக் கதவு திறக்க மாட்டார். சரியெண்டு படியில குந்தினன். குந்தினவள் சும்மா இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில என்ர இன்னொரு முகத்தைச் சொல்லோணும். நான் ஒரு ஃபண்டசி நாவல் தொடருக்கு முழு விசரி. மந்திரம், கோட்டை, பறக்கிற ஓநாய், எல்லாம் இருக்கு. அதில உப்புக்கோட்டை எண்டு ஒரு பெரிய பிரபு குடும்பம். பிரபுவுக்கு வயசு போட்டுது. கடைசிப் பாகம் இன்னும் வரேல்லை. அவருக்குப் பிறகு அந்த ஆசனத்தில ஆர் இருக்கிறது எண்டதுதான் எங்கட ரசிகர் குரூப்பின்ர வாழ்க்கைப் பிரச்சினை. அதில வாற பேர் ஒண்டும் எங்கட வாயில நுழையாது. அதால கிழவர், மகள், தம்பியின்ர மகன் எண்டுதான் நாங்கள் கதைக்கிறது.

அண்டைக்கெண்டு பாத்து, தெமட்டகொடையில இருக்கிற ஒரு பெடியன் ரசிகர் குரூப்பில எழுதினது ஃபோனில மேல நோட்டிஃபிகேஷனா வந்து விழுந்துது: "ஆசனம் மகளுக்குத்தான். இதில யோசிக்க என்ன இருக்கு?"

எனக்கு ரத்தம் கொதிச்சுது! அம்மாவையும் மறந்தன், சாவியையும் மறந்தன். ஃபோனை வாய்க்குக் கிட்ட வைச்சு வொய்ஸ் நோட் போட்டன்:

"மகளோ? அவளைக் கடல் கடந்து கட்டிக் குடுத்து எவ்வளவு காலம்! வருசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கிறதோட சரி. கிழவர் இனி கனகாலம் தாங்க மாட்டார், மூச்சு வாங்குறதைப் பாக்கத் தெரியேல்லையோ? கூட இருக்கிறது ஆர்? தம்பியின்ர மகன்! வாய் திறக்க மாட்டான், ஆனா சாவிக்கொத்து முழுக்க அவன்ர இடுப்பில. காலமைக் கஞ்சி குடுக்கிறதும் அவன்தான். நான் எழுதித் தாறன், அந்தக் கஞ்சியிலதான் அவன் விஷம் வைக்கப் போறான்! வைச்சாலும் பரவாயில்லை, ஆசனம் அவனுக்குத்தான் போகோணும்!"

அனுப்பிப்போட்டு, பெரிய வழக்கு வெண்ட மாதிரி நிமிர்ந்து இருந்தன்.

கொஞ்ச நேரத்தில உள்ள பூசை மணி நிண்டுது. பிறகு உள்ளுக்க இருந்து ஒரு பொம்பிளைக் குரல் கேட்டுது. "மகளோ? அவளைக் கடல் கடந்து..."

என்னடா இது, என்ர குரல் மாதிரி இருக்கு எண்டு யோசிச்சன்.

அடுத்து ரெண்டாம் மாடியில இருந்தும் அதே குரல். அதுக்குப் பிறகு நாலாம் மாடி. படிக்கட்டு முழுக்க நான் நிண்டு கத்துறன்! ஒரு மாடியில கிழவருக்கு மூச்சு வாங்குது, ஒரு மாடியில சாவிக்கொத்து, ஒரு மாடியில விஷம்!

ஃபோனைப் பாத்தன். பில்டிங் குரூப். அங்கிளுக்கு மெசேஜ் போட்டுட்டு ஒழுங்கா வெளிய வந்திருக்காத விசரி, அதுக்குள்ளயே பேசியிருக்கிறன். அழிப்பமெண்டு கை வைச்சா நீல டிக் விழுந்திட்டுது.

இப்ப உங்களுக்கு ஒரு விபரம் சொல்லோணும். சிவஞானம் அங்கிளுக்கு ஒரே மகள். கனடாவில. வருசத்துக்கு ஒருக்கா வருவா. அன்ரி செத்த பிறகு அங்கிளோட இருக்கிறது அவரின்ர தம்பியின்ர மகன், ரமணன் அண்ணா. ஆரோடயும் பெரிசாக் கதைக்க மாட்டார். பில்டிங் சாவியெல்லாம் அவர்தான் வைச்சிருக்கிறவர். தினமும் காலமை அங்கிளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சிக் குடுப்பார்.

நான் என்ன செய்ய! அந்த நாவலை எழுதினது நானில்லை!

கதவு திறந்துது. ரமணன் அண்ணா. முகத்தில ஈயாடேல்லை. உள்ளுக்க இருந்து அங்கிளின்ர சத்தம்:

"ரமணா, அந்தக் கஞ்சிக் கோப்பையை அங்கால வை."

நான் உள்ள ஓடினன். "அங்கிள், அது கதை! ஒரு நாவல்!"

"ஆர் எழுதினது?"

"ஒரு வெள்ளைக்காரன், அங்கிள்."

"வெள்ளைக்காரனுக்கு எங்கட வீட்டு விஷயம் எப்பிடித் தெரியும்?"

அதுக்குள்ள கீழ இருந்து, நாங்கள் அய்யே எண்டு கூப்பிடுற சிங்களச் செக்யூரிட்டி படியால ஓடி வாறார். ஆரோ அவருக்குப் பாதியைத்தான் போட்டுக் காட்டியிருக்கினம். வாசலில நிண்டு தொப்பியைக் கழட்டிக்கொண்டு மெதுவாக் கேக்கிறார், "மிஸ், மஹத்தயா நெதி உனாத?"

ஐயா செத்திட்டாரோ எண்டு ஐயாவுக்கு முன்னாலயே கேக்கிறார்! அங்கிள் எழும்பி நிண்டு காட்டினார். அய்யே கொஞ்சம் ஏமாந்த மாதிரித்தான் திரும்பிப் போனார். கையில செத்த வீட்டுக்குக் கட்டுற வெள்ளைக் கொடி சுத்தி வைச்சிருந்தார்.

அவருக்குப் பின்னால ரெண்டாம் மாடி ஃபரீனா அன்ரி வந்தா. அவ கேள்விப்பட்டா வராம இருக்க மாட்டா. "என்ன மகள், கஞ்சில என்னமோ போட்டதாம்?"

வேற வழியில்லை. நான் நடு ஹோலில நிண்டு உப்புக்கோட்டைக் கதையை முதலில இருந்து சொல்லத் தொடங்கினன். ஓநாய் பறக்கிற இடத்தை மட்டும் விட்டுட்டன், ஏற்கெனவே நம்புறாங்களில்லை.

சொல்லச் சொல்ல அங்கிளின்ர முகம் மாறுது. கோபம் போய் வேற ஒண்டு வருது. மனுசன் ஓய்வுபெற்ற நொத்தாரிசு. காணி உறுதி எழுதி எழுதியே தலைமயிர் கொட்டினவர். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"பிள்ளை, அந்தக் கோட்டை முதுசமோ, தேடின தேட்டமோ?"

"ஆ?"

"தேப்பன் வழியால வந்ததோ, அந்தாள் உழைச்சுக் கட்டினதோ?"

"பரம்பரைக் கோட்டை, அங்கிள்."

"அப்ப முதுசம். மகளுக்குச் சீதனம் குடுத்தவையோ?"

"ஆயிரம் குதிரை குடுத்தவை."

"வேற பிள்ளையள்?"

"இல்லை."

"அப்ப விளங்கிட்டுது." அங்கிள் கதிரையில நல்லாச் சாஞ்சார். "சகோதரம் இருந்தாத்தான் சீதனம் வாங்கினவள் வெளியில. வேற பிள்ளை இல்லையெண்டா முழுக்க அவளுக்குத்தான். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது."

"இதெல்லாம் என்ன சட்டம்?" எண்டா ஃபரீனா அன்ரி. "எங்கட மார்க்கத்தில மகளுக்குப் பாதி, மிச்சம் தம்பிட மகனுக்கு. சண்டையே இல்ல."

மூலையில நிண்ட ரமணன் அண்ணா முதல் தரமா நிமிர்ந்து பாத்தார்.

"ஃபரீனா, உது எங்கட பக்கத்துக் கோட்டை" எண்டார் அங்கிள். "உப்பெண்டா எங்க? ஆனையிறவில. அப்ப தேசவழமைதான்."

"புத்தளத்திலயும்தான் உப்பு இரிக்கி!"

எந்த ஊர் உப்பு எண்டு ரெண்டு பேரும் சண்டை பிடிக்கினம். நான் நேரத்தைப் பாத்தன். அஞ்சாம் மாடியில இருந்து அம்மான்ர மிஸ்ட் கோல் மேல மிஸ்ட் கோல்.

கடைசியில அங்கிள் கையைத் தூக்கித் தீர்ப்பு சொன்னார்: "ஆக, தம்பியின்ர மகனுக்கு ஒரு கல்லும் இல்லை. ஒண்டும் கிடையாது எண்டு தெரிஞ்சவன் ஏன் விஷம் வைக்கப் போறான்? ரமணா, கஞ்சியைக் கொண்டா, குடிப்பம்."

எனக்குப் பெரிய நிம்மதி! வழக்கு முடிஞ்சுது, விஷமும் முடிஞ்சுது, இனிச் சாவிதான் எண்டு கையை நீட்டினன்.

ரமணன் அண்ணா கஞ்சிக் கோப்பையை எடுக்கேல்லை. பெரியப்பாவையே பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு, இந்த ஃபிளாட்டில நான் அவரிட்டக் கேட்ட ஆக நீளமான வசனத்தைச் சொன்னார்:

"ஒரு கல்லும் இல்லையெண்டா நான் ஏன் பெரியப்பா தினமும் கஞ்சி காய்ச்சுறன்?"

சொல்லிப்போட்டுச் செருப்பைக் கொழுவிக்கொண்டு போயிட்டார். சாவிக்கொத்தோட!

அங்கிள் வாயைத் திறந்தது திறந்தபடி. ஃபரீனா அன்ரி என்னைப் பாத்து, "ஒங்கட வாய், மகள்" எண்டா.

லிஃப்டுக்கு நிண்டா நேரம் போயிடும் எண்டு படியால ஓடினன். வாசலில செக்யூரிட்டி கடல் பக்கம் கைகாட்ட, வீட்டுச் செருப்போட லேனால இறங்கி, மரைன் டிரைவைக் கடந்து, ரயில் பாதைக்கு அங்கால கல்லில ஏறினா, அங்க இருக்கிறார். கையில கடலை வடை. கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். சாவி சேட் பொக்கற்றில துருத்திக்கொண்டு தெரியுது.

பக்கத்தில இருந்தன். "சொறி அண்ணா" எண்டன். அதைச் சொல்லேக்க ரயில் வந்துது. ரயில் போன பிறகு திரும்பவும் சொன்னன்.

"உங்களிலை கோபமில்லை" எண்டார். "பில்டிங்கில ஆருக்கும் என்ர பேரே தெரியாது. சாவி வைச்சிருக்கிற தம்பி எண்டுதான் சொல்லுவினம். ஒராள் எனக்குக் கோட்டை குடுக்கோணும் எண்டு சொன்னது இண்டைக்குத்தான். விஷத்தோட சொன்னீங்கள், பரவாயில்லை."

எனக்குச் சத்தியமா வெட்கமாப் போச்சு. கண்ணும் கலங்கிட்டுது. கடல் காத்து எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

"ஒண்டு கேக்கட்டோ?" எண்டார். "அந்தக் கதையில, அவனுக்கு ஏன் குடுக்கோணும் எண்டு நினைக்கிறீங்கள்?"

இதுக்கு என்னட்டப் பெரிய பெரிய ஆதாரமெல்லாம் இருக்கு, எந்தப் பாகத்தில எந்த வரி எண்டு. ஆனா வாயில வந்தது ஒண்டுதான்.

"எல்லாரும் போன பிறகும் அவன் நிண்டவன், அண்ணா. அவ்வளவுதான்."

அவர் வடையைச் சாப்பிட்டு முடிச்சார். கையைத் துடைச்சார். "இதை அதே குரூப்பில போடுங்கோ. உங்கட குரலில" எண்டார். பொக்கற்றை ஒரு கையால பொத்திக்கொண்டு சொன்னார். ஒரு வரியும் பேசாத மனுசன் பேரம் பேசுறார்!

போட்டன். இந்த முறை குரூப்பின்ர பேரைப் பாத்து, திரும்பவும் பாத்து, பிறகுதான் போட்டன்: "உப்புக்கோட்டை தம்பியின்ர மகனுக்குத்தான். ஏனெண்டா அவன்தான் நிண்டவன். விஷம் வைக்க மாட்டான். அதை நான் பிழையாச் சொல்லிட்டன்."

பில்டிங் முழுக்க நீல டிக் விழுந்துது. ரெண்டு பேரும் ஃபோனைப் பாத்துக்கொண்டு கல்லில இருக்கிறம்.

பிறகு அங்கிளின்ர வொய்ஸ் நோட் வந்துது. தொண்டையைச் செருமுற சத்தம். பிறகு நொத்தாரிசுக் குரல்:

"சங்க உறுப்பினர்கள் கவனத்துக்கு. சட்டப்படி நான் சொன்னது சரி. ஆனா அந்தக் கிழவன் ஒரு மடையன். உயிரோட இருக்கேக்கையே, சாகும் வரைக்கும் தான் ஆளுற சீவிய உருத்தை வைச்சுக்கொண்டு, தம்பியின்ர மகனுக்கு நன்கொடை உறுதி எழுதி வைக்கலாம். மகளிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதினா அவளும் கோபிக்க மாட்டாள். விஷமும் தேவையில்லை, இத்தினை பாகமும் தேவையில்லை. நான் இப்ப என்ர மகளுக்கு கோல் எடுக்கப் போறன். ரமணா, கஞ்சி ஆறுது. வா."

ரமணன் அண்ணா அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். பொக்கற்றில இருந்து சாவிக்கொத்தை எடுத்து, ரூஃப் சாவியைக் கழட்டி, என்ர கையில வைச்சார்.

"பொன்னுருக்கு எத்தினை மணிக்கு?" எண்டார். "கரிச்சட்டி வைக்க ஓட்டுத்துண்டு வேணுமெல்லோ. நான் கொண்டு வாறன்."

காலமை பொன் நல்லா உருகிச்சுது. ரூஃப்பில முன் கதிரையில அங்கிள், பக்கத்தில ரமணன் அண்ணா. கனடா மகள் ராவே ஓமெண்டிட்டாவாம். பொம்பிளையின்ர தேப்பனிட்ட அங்கிள் என்ன கதைக்கிறார் எண்டு கிட்டப் போய்க் கேட்டன். உப்புக்கோட்டை!

ரசிகர் குரூப்புக்கும் நான் அங்கிளின்ர தீர்ப்பை அனுப்பினன். தெமட்டகொடைப் பெடியன் எழுதினான்: "இவ்வளவு லேசா முடியுமெண்டா அந்தாள் ஏன் இவ்வளவு காலமா எழுதுறார்?"

உப்புக்கோட்டை ஆருக்கு எண்டது இண்டைக்கும் தெரியாது. மூண்டாம் மாடி ஆருக்கு எண்டது எங்கட பில்டிங் செக்யூரிட்டிக்கும் தெரியும்.