ஜில்லா அதிகாரியின் ஊதா மூக்கு

கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஊருக்கெல்லாம் சொல்லியே பென்ஷன் வாங்கியவன் நான். வீட்டில் வைத்த பெயர் ஆரோக்கியசாமி. (சுகாதார ஆய்வாளனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை அரசாங்கமே நினைத்தாலும் வைத்திருக்க முடியாது.) ஆனால் பூந்தமல்லிப் பக்கம் இன்றைக்கும் சில பேருக்கு நான் 'ஊதா சார்'தான். அந்தக் கூத்தை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்குத் தற்காலிக வேலை. சைக்கிளில் கரையான்சாவடிக்கும் நசரத்பேட்டைக்கும் அலைந்து, கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டு, பள்ளிப் பிள்ளைகளை நகம் வெட்டச் சொல்ல வேண்டும். நசரத்பேட்டைப் பள்ளியின் தலைமையாசிரியர் சவரிமுத்து. அவருடைய மகள் ரோஸ்லினைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். அவளை எனக்குப் பிடித்திருந்தது. நம்ப முடியாத விஷயம், என்னையும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் என் வேலை பிடிக்கவில்லை.

"டெம்பரரி வேலைக்காரனுக்கு எப்படிப்பா பொண்ணு குடுக்கறது? ஆர்டர் வரட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமையே கோவில்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்குச் சொல்லிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆர்டருக்கு ஜில்லா சுகாதார அதிகாரி தலையசைக்க வேண்டும். அவரோ சவரிமுத்துவின் பள்ளியிலேயே என் வேலையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை ஆவதும் மண்ணாய்ப் போவதும் ஒரே காலையில், ஒரே கூரைக்குக் கீழே!

சும்மா பேசினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஒரு திட்டம் போட்டேன். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து தடவுவார்களே, அது பொடியாக இருக்கும்போது சாதுவாக இருக்கும். ஈரம் பட்டால்தான் அதன் சுயரூபம். அந்தப் பொடியில் துளியூண்டு எடுத்து ஐந்தாம் வகுப்பின் சாக்பீஸ் டப்பாவில் கலந்துவிடுவது. பிள்ளைகள் கரும்பலகையில் எழுதுவார்கள், ஒருவரையொருவர் தொடுவார்கள். பிறகு அதிகாரி முன்னால் கையை நனைக்கச் சொன்னால், தொட்ட இடமெல்லாம் ஊதா பூக்கும். "பார்த்தீர்களா, கிருமி இப்படித்தான் பரவுகிறது!" என்று நான் முழங்க, கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

துளியூண்டு என்றுதான் நினைத்தேன். அதிகாரி முன்னால் நிறம் சரியாக வராமல் போய்விட்டால் என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம், மேலுக்குக் கொஞ்சம் என்று அரை டப்பா பொடியையும் கொட்டிவிட்டேன். (புத்திசாலி!)

பிள்ளைகள் எழுதி முடித்த நேரத்தில் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாக. சவரிமுத்து ஐயா பதறிப்போய் ஐந்தாம் வகுப்புக்குள் ஓடி, அந்த டப்பாவிலிருந்தே ஒரு சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் 'நல்வரவு' என்று மணிமணியாக எழுதினார். எழுதிவிட்டு, பெருமையாகத் தன் வெள்ளை மீசையை நீவிவிட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வருங்கால மாமனாரிடம், "ஐயா, உங்கள் மீசையில் மருந்து" என்று எப்படி ஆரம்பிப்பது?

அதிகாரி வெள்ளை வேட்டி சட்டை. கண்டிப்பானவர். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துத் திருப்பி நகம் பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "பரவாயில்லை, சுத்தமா இருக்காங்க" என்றார். அந்தச் சுத்தமான கைகளைத் தொட்ட கையோடு, தட்டிலிருந்த போண்டாவைப் பிட்டு வாயில் போட்டார். துணைக்குச் சவரிமுத்து ஐயாவும் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஆண்டவரே!

அப்போதுதான் சவரிமுத்து ஐயா பன்னீர்ச் செம்போடு வந்தார். மரியாதையில் குறை வைக்காத மனுஷன். அதிகாரி மேல், பிள்ளைகள் மேல், என் மேல், தன் மேல் என்று தாராளமாகத் தெளித்தார்.

முதலில் அதிகாரியின் கையில் ஒரு புள்ளி. துடைத்தார், அது நாலானது. முகத்தைத் துடைத்தார், முகமே போயிற்று. பள்ளி ஆயா கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்ய! பெரிய ஐயா வாயி இன்னா, நாவாப்பயம் துன்னா மாரி கீது?"

"தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினார் அதிகாரி. தண்ணீர் வந்தது. அதோடு மிச்சமிருந்த வெள்ளையும் போனது.

"யார் வேலை இது?"

ஓடிவிடலாம்தான். வாசலை அவர் ஜீப் மறித்து நின்றது. வேறு வழி தெரியாமல், மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை அப்படியே ஒப்பிக்க ஆரம்பித்தேன். "பிள்ளைகளே, கண்ணுக்குத் தெரியாத கிருமி எங்கெங்கே போயிருக்கிறது, சொல்லுங்கள்!"

நல்ல நாளிலேயே வாய் மூடாத பிள்ளைகள். விடுவார்களா?

"சார், பெரிய சார் மூக்குல கீது சார்!"

"காதுல, சார்!"

"போண்டாவுல!"

"ஹெச்செம் சார் மீசையில!"

அதிகாரி தட்டில் மிச்சமிருந்த ஊதாப் போண்டாவை வெகுநேரம் பார்த்தார்.

"கை கழுவாம தின்னது இங்க நான் ஒருத்தன்தானா?"

"நானும்தான் ஐயா" என்றார் சவரிமுத்து, தலையைக் குனிந்துகொண்டு.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பசங்களுக்கு இது சாகிற வரைக்கும் மறக்காது. எனக்கும் மறக்காது. ஆர்டர் போடச் சொல்றேன். ஆனா இன்னொரு தடவை நீ அந்தப் பொடியைத் தொட்டதாக் கேள்விப்பட்டேன், தொலைச்சிடுவேன்!" என்று சொல்லி, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே சந்தோஷத்தில்.

மாமனாரின் மீசைதான் லேசில் வெளுக்கவில்லை. அப்போது தவக்காலம் வேறு; பங்குச் சாமியார் ஊதா உடையில் பூசை வைக்கும் நாட்கள். "எல்லாரும் மனசுலதான் தவக்காலம் அனுசரிக்கிறாங்க, நம்ம வாத்தியார் மீசையிலும் அனுசரிக்கிறார்" என்று சாமியாரே சொல்லிவிட்டாராம். ரோஸ்லின் சிரித்துச் சிரித்து, அப்பாவுக்குச் சோறு போட முடியாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். ஆனாலும் மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை. ஆர்டர் வந்தது, ஓலையும் வாசித்தார்கள்.

கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால், மகளின் கையை என் கையில் கொடுக்க வேண்டிய நேரம். மாமனார் சட்டென்று நின்றார். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். புறங்கையைப் பார்த்தார். நகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோவிலே குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகுதான் பெண்ணைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுக்கிறார். போன வருஷம் பேத்தி கல்யாணத்தில் சம்பந்தியம்மா பக்தியோடு கேட்டார்கள், "இது என்னங்க சடங்கு? எங்க கோவில்ல பார்த்ததே இல்லையே?"

ரோஸ்லின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சடங்கெல்லாம் இல்லீங்க, தொத்து வியாதி. இவர்கிட்டேயிருந்து வந்தது."